பெயர் மாற்றப்பட்டுள்ளது

இணையதளத்தில் ஒரு படம் பார்க்கிறீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு வரி எழுதி வைக்க முடியும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் தொழிலில் அதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று பெயர். பார்வையில்லாதவர்களுக்குப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறது. படம் வரும் இடத்தில் அது இந்த வரியைப் படிக்கும். 'வேப்பமரத்தடியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று நாம் எழுதி வைத்திருந்தால், கேட்கிறவருக்கும் அந்த மரமும் பெண்களும் கிடைப்பார்கள். எழுதாவிட்டால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அது மேலே போய்விடும். பதினோரு வருஷமாக வெப்சைட் செய்து பிழைக்கிற நான், பத்து வருஷம் அந்த வரியை எழுதாமலேதான் பிழைத்தேன். கடைசிவரை எழுதாமலே இருந்திருக்கலாம்.

என் பெயர் ஜாய்ஸ். தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். அந்தக் குணம் எனக்கு வந்தது, அவருடைய நிதானம் வரவில்லை.

போன வருஷம் சித்திரையில் தோள் அறக்கட்டளையிலிருந்து விக்டோரியா அக்கா கூப்பிட்டார். வலிப்பு நோய் உள்ளவர்களுக்காக நடக்கிற சின்ன அமைப்பு அது. அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே டாக்டர் வருவார், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். வாடிப்பட்டி, சோழவந்தான் என்று சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பாதிப்பேர் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது கேட்டால் கோர்ட்டுக்குப் போகிறேன் என்பார்கள். பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று தெரிவதைவிட வீட்டில் கேஸ் நடக்கிறது என்று தெரிவது கௌரவம்.

அவர்களுடைய பழைய வெப்சைட்டைத் திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே 'நன்கொடை தாரீர்' என்று ஒரு பட்டை சிவப்பும் மஞ்சளுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. அப்படி மினுக்குகிற வெளிச்சமே சிலருக்கு வலிப்பைக் கொண்டுவந்துவிடும். வலிப்பு நோயாளிகளுக்கு உதவப் போகிற தளத்தில் போய் அதை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டேன். "நம்ம செயலாளரோட மச்சினன். ஃப்ரீயா செஞ்சு குடுத்தாரு" என்றார் அக்கா. அது போக, நிறுவனர் பொன்னாடை வாங்கிக்கொள்ளும் படங்கள் பதினாறு இருந்தன. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கேயும் இல்லை.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். பெரிய எழுத்து, எளிய தமிழ், மினுக்கல் கிடையாது. முதல் பக்கத்திலேயே, கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மாத்திரையை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று போட்டேன். அந்தக் கடைசி வரியை அக்கா சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். "நிறுத்துனா முன்னவிட மோசமா வரும், ஜாய்ஸ். உசுருக்கே ஆபத்து. அத நல்லா தடிமனா போடு" என்றார். தடிமனாகவே போட்டேன். மாத்திரை நேரத்துக்குச் செல்போனில் தானாக ஒரு மெசேஜ் போகிற மாதிரியும் செய்து கொடுத்தேன்.

தளத்தைச் சோதித்துப் பார்க்க ஜூடு சாரை அழைத்து வந்தார் அக்கா. மிஷன் பள்ளியில் வரலாறு எடுப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. காதில் ஒரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் என்னைத் திட்டுவதற்காக வைத்துக்கொண்டார்.

"படம், படம், படம்னே சொல்லுது. நாப்பது படம் வெச்சிருக்கீங்க, எனக்கு ஒண்ணுகூட இல்ல. பாக்குறவங்களுக்குக் கெடைக்கிறது எனக்கும் கெடைக்கணுமா வேண்டாமா?"

சுருக்கென்றிருந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது படம், நாற்பது வரி. இரண்டு நாள் ஆயிற்று. படங்களை எல்லாம் அக்கா ஒரு பென்டிரைவில் தந்திருந்தார். தனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரையும் ஊரையும் போட்டுச் சேமித்திருந்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. முப்பத்தோராவது படத்தில் ஒரு பெண் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரியும். நீளச் சடை, நீல ரவிக்கை. நோயாளிகளின் முகத்தை எடுக்க அக்கா ஒருநாளும் விட்டதில்லை. பக்கத்திலிருந்த கட்டுரையில் அந்தப் பெண்ணின் பெயர் மலர் என்றும் அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்றும் இருந்தது. நான் படத்துக்குப் பின்னால் இப்படி எழுதினேன்: 'வாடிப்பட்டி பாண்டீஸ்வரி, நான்கு வருடமாக வலிப்பு இல்லாமல், தன் தையல் மெஷினில் வேலை செய்கிறார்.'

ஜூடு சாருக்குப் பார்க்கிறவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே கொடுக்கிறேன் என்ற பெருமிதத்தில் எழுதினேன். அதுதான் உண்மை.

இரண்டாவது முறை சோதித்தபோது அவர் இருபத்து மூன்று குறை சொன்னார். அதில் ஒன்று: "கட்டுரையில மலர்ங்குது, படத்துல வேற பேரு சொல்லுதே, கவனிங்க." அதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருந்தது. பட்டியலில் அதை எழுதி, பக்கத்தில் 'பிறகு' என்று குறித்தேன். மற்ற இருபத்திரண்டையும் சரி செய்தேன். ஆடி பிறப்பதற்கு முன்னால் தளம் வெளியானது. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஜாய்ஸ் அக்காவா? நான் வாடிப்பட்டிலருந்து பாண்டீஸ்வரி பேசுறேன். விக்டோரியா அக்காதான் நம்பர் குடுத்தாக. என் பேரு உங்க வெப்சைட்ல எப்டிக்கா வந்துச்சு?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

அவளுக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். மாப்பிள்ளை சமயநல்லூர் ராம்கி. டிராக்டர் ஷோரூமில் வேலை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஃப்ளெக்ஸ் வைக்காமல் தாலி ஏறாது. நண்பர்களுக்குப் பெண்ணின் படம் வேண்டியிருந்தது. ராம்கியிடம் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தரவில்லை. சரி மாப்ள, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவன் அவள் பெயரையும் ஊரையும் போட்டு நெட்டில் தேடியிருக்கிறான். முதலில் வந்தது எங்கள் பக்கம். அவன் போனில் சிக்னல் சரியில்லாமல் படம் இறங்கவில்லை. படம் இறங்காவிட்டால் அந்தக் காலிக் கட்டத்துக்குள் பின்னால் இருக்கிற வரி எழும்பி நிற்கும். ஊர், பெயர், நோய், தையல் மெஷின், எல்லாமே அதில் இருந்தது. அவன் அதைப் படம்பிடித்து ராம்கியின் அம்மாவுக்கே அனுப்பிவிட்டான்.

நான் ஒரு நிமிஷத்தில் அந்த வரியை அழித்தேன். அழித்து என்ன? அது சமயநல்லூரில் எத்தனையோ போன்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, பேசாம உள்ளத சொல்லிரவா?" என்றாள் பாண்டீஸ்வரி. "எனக்கு மறைக்க மனசே இல்லக்கா. அப்பாதான் ஆரம்பத்துலருந்து சொல்ல வேணாம், வேணாம்னாரு. இப்ப அதுவாவே தெரிஞ்சுபோச்சு. சொல்லி, வேணாம்னா வேணாம்னு போகட்டும். என்னக்கா சொல்றீக?"

அவள் என்னைக் கேட்டாள். அதை நான் மறந்துவிடவே முடியாது. இருபத்து மூன்று வயதுப் பெண், முன்பின் பார்த்திராத என்னிடம், சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். சொல்லிவிடு தாயே என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். என்னால் நின்றுபோகும். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது. "ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவளுக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் அவளுடைய அப்பா முத்திருளன் அறக்கட்டளைக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். பெண்டாட்டி இறந்து பத்து வருஷமாகப் பெண்ணைத் தனியாக வளர்த்தவர். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தார்.

"தாயி, நீங்க ஒரு எட்டு வந்து, அது வேற பொண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நீங்க சொன்னா நம்புவாக" என்றார்.

விக்டோரியா அக்கா மேஜையைத் தட்டினார். "யாரும் போகக் கூடாது. அண்ணே, கல்யாணம் நின்னா நிக்கட்டும். இன்னைக்குப் பொய் சொல்லிட்டு வந்தா நாளைக்கு அவ மாத்திரைய எங்க வெச்சுச் சாப்பிடுவா? யார்கிட்டச் சொல்லிச் சாப்பிடுவா?"

"உங்களுக்கென்னக்கா? தப்பு செஞ்சது நீங்களா? நான்தான?" என்று நான் அக்காவின் மேல் பாய்ந்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை சமயநல்லூர் போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய வீடு. ராம்கியின் அம்மா சீனியம்மாள் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். ஐம்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு, உரத்த குரல். கூடத்தில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராம்கி சுவரோரம் நின்றான். ஒரு முறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நோயுள்ள பிள்ளைய மறைச்சுக் கட்டிக்குடுக்கப் பாத்தாகன்னுதான் நாங்க கேள்விப்பட்டோம். எங்க வீட்டுக்கு அப்டி ஒரு பிள்ள வேணாம். நீங்க என்ன சொல்ல வந்திருக்கீக?" என்றார் சீனியம்மாள்.

நான் முந்தின இரவே தயாரித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். வெப்சைட் செய்தது நான். எங்களிடம் இரண்டு பாண்டீஸ்வரி. ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கம், வலிப்புக்கு மாத்திரை வாங்குகிறவள். இன்னொருத்தி வாடிப்பட்டி, அறக்கட்டளைக்குத் துணிப்பை தைத்துக் கொடுக்கிறவள். பெயர் ஒன்றாக இருந்ததால் ஊரை மாற்றிப் போட்டுவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. இதில் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும்தான் உண்மை என்பதால் கடைசியைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அந்த அழுகைதான் அவர்களை நம்பவைத்தது.

கூடத்திலிருந்த ஒருவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். சீனியம்மாள் கையமர்த்தினார். "விடுங்க. ஜாய்ஸ்னு பேரு, இவுக வேதக்காரவுக. வேதக்காரவுக பொய் சொல்ல மாட்டாக. எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்ததே வேதக்கார டீச்சர்தான்."

எனக்குக் காப்பி கொடுத்தார்கள். கிளம்பும்போது சீனியம்மாள் வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்த இன்னொரு பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா டீச்சர்?" நான் டீச்சர் இல்லை. திருத்தவும் இல்லை. "இன்னும் இல்லம்மா" என்றேன். "பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' மனசார வந்தது.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பனைமரம் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட ராம்கி, மறுபக்கம் பட்டுப்புடவையில் பாண்டீஸ்வரி, கீழே நண்பர்கள் முப்பது பேர் ஆளுக்கு ஒரு வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் இருக்கிற படத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். மணவறையிலிருந்து என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். நான் ஒரு கல்யாணத்தை மீட்டுக்கொண்டு வந்தவள் போலப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அக்கா கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரமே மெடிக்கலில் ஒரு சத்து மாத்திரை டப்பா வாங்கி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, வலிப்பு மாத்திரையை நிரப்பிக் கொடுத்திருந்தேன். யாராவது கேட்டால் உடம்பு சத்துக்கு என்று சொல் என்றேன். அவள், "நல்ல யோசனைக்கா" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த மாத்திர மெசேஜ் மட்டும் வராமப் பண்ணிருங்கக்கா. போன அவரும் எடுப்பாரு, அத்தையும் எடுப்பாக" என்றாள். நினைவூட்டும் பட்டியலிலிருந்து அவள் நம்பரை எடுக்க எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அவளுக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்திகூட இருந்தது.

முதல் இரண்டு மாதம் முத்திருளன் வந்து மாத்திரை வாங்கிப் போனார். பெண்ணைப் பார்க்கப் போகிற சாக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். மூன்றாவது மாதம் வரவில்லை. அக்கா போன் செய்ததற்கு, "இன்னும் இருக்குன்னு சொல்லிருச்சு பிள்ள. அடுத்த மாசம் வாரேன்" என்றார். அக்கா பாண்டீஸ்வரியையே கூப்பிட்டார். "ஆளு இருக்காக, அப்றம் பேசுறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். அப்புறமும் அவள் பேசவில்லை.

"எனக்குச் சரியாப் படல. நேர்ல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார் அக்கா.

"நீங்க போய் நின்னா நான் சொன்னது பொய்னு ஆகிடும். புதுசாக் கல்யாணமான பொண்ணு, பேச நேரம் இருக்காது. விடுங்கக்கா" என்றேன்.

அக்கா விட்டார். முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தவர், என் பேச்சைக் கேட்டு விட்டார்.

தை பிறந்து இரண்டாவது வாரம் முத்திருளன் அக்காவுக்குப் போன் செய்தார். அவர் பேசியது எதுவும் முதலில் புரியவில்லையாம். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டியில் அலசிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரிக்கு வலிப்பு வந்திருக்கிறது. தொட்டிக்குள் முகம் குப்புற விழுந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர் ஒரு சாண்தான் இருந்ததாம்.

அக்கா எனக்குச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு என்ன பேசுவது?

பதினாறாம் நாள் கழிந்து நான் சமயநல்லூர் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். செத்துப்போன பிறகாவது அவள் தன் நோயோடு, தன் நாலு வருஷத்து ஜெயிப்போடு, தன் பெயரோடு இருக்கட்டும். பஸ்ஸில் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன்.

சீனியம்மாள் வாசலில் வந்து நின்றார். குரல் அப்படியே இறங்கிப் போயிருந்தது. "வாங்க டீச்சர். நீங்க வருவீகன்னு நெனச்சேன்" என்றார். உள்ளே ராம்கி தரையில் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். "இப்டித்தான் கெடக்கான். வேலைக்கும் போகல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். கேட்பதற்கு ஒரு ஆள் வரட்டும் என்று பதினாறு நாளாகக் காத்திருந்தவர் மாதிரி பேசினார்.

"எம்புட்டு நல்ல பிள்ள தெரியுமா டீச்சர்? வந்த நாலு மாசத்துல எனக்கு ஆறு ரவிக்க தச்சுக் குடுத்துருச்சு. தாயில்லாப் பிள்ள, அத்தன்னு கூப்பிடாது, அம்மாம்பா. ஒரு சத்து மாத்திர டப்பா வெச்சிருந்தா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு முழுங்குவா. நான்தான் வஞ்சேன். இந்த வயசுல என்னத்துக்குடி மாத்திர? நான் ஆக்கிப்போட மாட்டேனா? வயித்துல ஒரு புள்ள தங்கணும்னா சூட்டு மாத்திர ஆகாதுன்னு டப்பாவ வாங்கி வெளிய போட்டுட்டேன். ஒண்ணும் சொல்லல டீச்சர். மொகம் மட்டும் ஒரு மாதிரி ஆச்சு. மறுநாள்லருந்து முருங்கக்கீர, ஆட்டு ஈரலு, கேப்பக் கூழுன்னு அம்புட்டும் பாத்துப் பாத்துச் செஞ்சு போட்டேன். நல்லாத்தான் சாப்பிட்டா. கன்னமெல்லாம் பூசுனாப்புல ஆச்சு."

டப்பாவை வாங்கியது நான். லேபிளை அவளுக்குக் காட்டிப் படித்துச் சொன்னதுகூட நான்.

சீனியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன், படிச்சவுக, உண்மையச் சொல்லுங்க. அந்தச் சத்து மாத்திரய நான் நிறுத்துனதாலதான் அவளுக்கு ஒடம்பு பலமில்லாமப் போயி வலிப்பு வந்துச்சோ? ராத்திரியெல்லாம் இதே நெனப்புத்தான். தூக்கமே வரல. நான்தான் கொன்னுட்டேனா டீச்சர்?"

பஸ்ஸில் பழகிக்கொண்டு வந்ததில் இந்தக் கேள்வி இல்லை. உண்மையைச் சொன்னால் அது என்னோடு முடியாது என்பதை அப்போதுதான் கண்டேன். நான் இங்கே சொல்லிவிட்டு மனசு லேசாகிப் பஸ் ஏறிப் போய்விடலாம். இந்த அம்மாள் இந்த வீட்டிலேயே, அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, தன் கையால் டப்பாவை வீசினதை நினைத்துக்கொண்டே, இருக்கிற நாளெல்லாம் இருக்க வேண்டும்.

"இல்லம்மா. சத்து மாத்திரைய நிறுத்தினா வலிப்பு வராது. நீங்க ஒண்ணும் செய்யல" என்றேன்.

"சத்தியமாவா?"

"சத்தியமாம்மா."

அவர் பெருமூச்சு விட்டார். என் கையை விடவில்லை. "நீங்க சொன்னா சரி" என்றார். "டாக்டரும் அப்டித்தான் சொன்னாரு, திடீர்னு யாருக்கு வேணாலும் வருமாம்." வாசலில் கோழி ஒன்று வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு கேட்டார்:

"அந்த இன்னொரு பாண்டீஸ்வரி நல்லாருக்காளா?"

நான் எதை நினைத்து என்ன சொல்ல வந்தேனோ தெரியாது. "நல்லாருக்காம்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறாம்மா."

"நல்லாருக்கட்டும். அவளுக்கு வரன் ஏதாச்சும் வந்தா மறைக்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர். சொன்னா எங்களாட்டம் நாலு பேரு வேணாம்னு போவாக. நான் அன்னைக்கு இதே கூடத்துல என்னா பேச்சுப் பேசுனேன், நீங்க கேட்டீகள்ல? போனாப் போறாகன்னு விடச் சொல்லுங்க. அஞ்சாவதா ஒருத்தி வருவா. நேரந்தவறாம மாத்திரைய எடுத்து, தண்ணியும் மோந்து கையில குடுப்பா. நான் சொன்னேன்னு சொல்லுங்க. சொல்லுவீகளா?"

"சொல்றேன்" என்றேன். என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தேன். நான் அழுவதைப் பார்த்து அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். ரோட்டுவரை கூடவே வந்தார். வெயிலாக இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றாலும் கேட்கவில்லை. ஆரப்பாளையம் பஸ் வந்ததும் கைகாட்டி நிறுத்தி, கண்டக்டரிடம், "டீச்சருக்கு உக்கார எடம் பாத்துக் குடுப்பா" என்று சொல்லி ஏற்றிவிட்டார்.